குருவி வெடி தெரியும்... குருவியைத் தெரியுமா? பட்டாசு ஊரில் ஒரு மார்கழி நடை!

தீபாவளிக்கு வாங்கின பட்டாசு பில் இன்னும் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்க. லட்சுமி வெடிக்குப் பக்கத்தில் 'குருவி வெடி' என்று ஒரு வரி இருக்கும். பெட்டிகளில் மயில் படம், சேவல் படம், கிளி படம். சிவகாசியிலிருந்து நமக்கு வந்துசேரும் பறவைகள் பெரும்பாலும் இப்படி அட்டையில் அச்சாகித்தான் வருகின்றன. 'உயிரோட இருக்குற பறவையைப் பார்க்கவும் அந்தப் பக்கம் போகலாம்'னு சொன்னா, 'காலங்காத்தால காமெடி பண்ணாதீங்க பாஸ்'னுதான் பதில் வரும்.

பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரைன்னு நமக்கு ஒரு பட்டியல் மனப்பாடம். அதில் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் வருவதே அபூர்வம். ஶ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் வரை போகிறவர்கள்கூட, சாத்தூர் - சிவகாசி - விருதுநகர் என்ற அந்தப் பொட்டல் முக்கோணத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். வெயில், கரிசல் மண், சீமைக்கருவேலம், நடுவில் தனித்தனியாக நிற்கும் பட்டாசு ஆலை அறைகள். அங்கே என்ன இருக்கப் போகுது?

மார்கழி, தை மாதங்களில் நிறையவே இருக்கு.

மழை யாருக்கு எதிரி?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். இந்த ஊருக்கு இரண்டு காலண்டர்கள். (காலண்டர் அச்சடிக்கிற ஊர்தானே, இருக்கட்டும்!)

ஒன்று, பட்டாசு காலண்டர். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அது இங்கே ஊன்றி, பட்டாசாகவும் அச்சகமாகவும் கிளைவிட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இங்குள்ள வறண்ட காற்று. மருந்து காய வேண்டும், திரி காய வேண்டும், ஒட்டிய காகிதம் காய வேண்டும். வெயில்தான் இந்தத் தொழிலின் பெரிய முதலீடு. மழை வந்தால் காயவைக்கிற தளம் காலியாகிவிடும். தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் கொஞ்ச காலம் மூடிக்கிடந்து, பிறகு பூஜை போட்டு அடுத்த வருஷ வேலையைத் தொடங்கும்.

இன்னொன்று, கம்மாய் காலண்டர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். பட்டாசுத் தளத்தைக் காலியாக்குகிற அதே மழைதான் கம்மாயை நிரப்புகிறது. மழை தந்த ஈரத்தில் கரிசல் காட்டில் சோளமும் மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் எழுந்து நிற்கும். வெட்டுக்கிளியும் புழுவும் பெருகும். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் பனி மூட ஆரம்பித்து, அங்கிருந்து கிளம்பிய பறவைகள் தெற்கே வந்துசேர்வதும் இதே சமயத்தில்தான். வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு, நாம் யாரும் கவனிக்காத நேரத்தில், இந்த ஊருக்கு இன்னொரு சீசன் தொடங்குகிறது.

எங்கே போறது?

கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூவில் இந்த மாவட்டத்தைப் பாருங்க. பிறை வடிவத்தில் நூற்றுக்கணக்கான கரைகள் தெரியும். எல்லாமே கம்மாய்கள். பெரிய நீர்த்தேக்கம் வேணும்னா அர்ஜுனா நதியில் ஆனைக்குட்டமும் கோல்வார்பட்டியும், வைப்பாற்றில் வெம்பக்கோட்டையும் இருக்கு. அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கன்குடி. விருதுநகருக்குப் பக்கத்தில் கௌசிகா நதியில் குல்லூர்சந்தை. எல்லாமே பைக் தூரம்தான். 2022-ல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளம் மேடும் வைப்பாற்றங்கரையில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரையே பாருங்க, கரிசலும் குளமும் சேர்ந்தே இருக்கு. இந்த நடைக்கு வேண்டிய இரண்டு இடங்களும் அவைதான்.

எந்த இடமானாலும் காலை ஆறரைக்குள் கரையில் இருக்கணும். மார்கழியில் சூரியன் வருவதே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்க முதுகில் விழும், பறவையின் நிறம் பளிச்சுனு தெரியும். மேற்குக் கரையில் நின்றால் கொக்கும் கறுப்பு, நாரையும் கறுப்பு. புதுசா வர்றவங்க 'ஒண்ணுமே தெரியல'ன்னு சலிச்சுக்கிறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதல் பத்து நிமிஷம் நடக்காதீங்க. சும்மா நில்லுங்க. தண்ணீரில் ஒதுங்கி நிற்பவை மெல்ல மெல்லப் பிரிந்து தெரியத் தொடங்கும். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டிருந்தால் நாமக்கோழி. சிவப்பு நிறத்தில் ஸ்கேல் மாதிரி நீளக் கால் இருந்தால் நெடுங்கால் உள்ளான். சேற்றில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் மஞ்சள் வயிற்றுக்காரன் மஞ்சள் வாலாட்டி, வெளிநாட்டு விருந்தாளி. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நிற்கும் வாத்துக் கூட்டத்தில் ஊசி போல வால் நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. ஆணின் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை வளைந்து போனால் நீலச்சிறகி. இரண்டும் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களும் குளிர்கால விருந்தாளிகள்தான்.

பெயர் உடனே வராட்டி பரவாயில்லை. அளவு, அலகு, நடை மூன்றையும் பாருங்க. காக்காவைவிடப் பெரிசா, சிறிசா? அலகு நேரா, வளைஞ்சா, கரண்டி மாதிரியா? நடக்குதா, தத்துதா, முங்குதா? நிறத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

கரையை விட்டு இறங்குங்க!

பெரும்பாலான பறவை நடைகள் தண்ணீரோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த ஊரின் ஸ்பெஷல் தண்ணீரில் இல்லை. கம்மாய்க் கரையிலிருந்து இறங்கி, வண்டித்தடம் பிடித்துக் கரிசல் காட்டுக்குள் போங்க. வாத்து எங்கே வேணும்னாலும் கிடைக்கும். கரிசல் காட்டுப் பறவைகளுக்குக் கரிசல் காடுதான் வேணும்.

முதலில் சோளக்குருவி. சூறைக்குருவின்னும் சொல்வார்கள். மைனா ஜாதி. கறுப்புத் தலை, வெளிறிய ரோஸ் நிற உடம்பு. குஞ்சுப் பருவம் தாண்டாததுகள் வெறும் மண் நிறம். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிவதற்குள்ளாகவே இந்தியாவுக்கு வரத் தொடங்கி ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். ஒன்று இரண்டாக வருகிற பழக்கமே கிடையாது, வந்தால் படைதான். சாயங்காலம் அடையப் போகுமுன் ஆயிரக்கணக்கில் எழும்பி, வானத்தில் ஒரே துணியாக விரிந்து, சுருங்கி, திரும்பும். வல்லூறு ஒன்று குறுக்கே வந்துவிட்டால் அந்தத் துணி கிழிந்து ஒட்டும். இன்ஸ்டாவில் ஐரோப்பாவில் எடுத்த வீடியோவாக இதைப் பார்த்து லைக் போட்டிருப்பீங்க. இங்கே சோளக்காட்டுக்கு மேலே நடக்கும்.

சோளம் போட்டவருக்கு இந்தப் படையைப் பார்த்தால் வயிறு எரியும். பால் பிடித்த கதிரில் இறங்கினால் சேதம்தான். தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இதே குருவி வெட்டுக்கிளியை மொத்தமாகத் தின்று தீர்க்கிற ஆள். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளித் தொல்லையைச் சமாளிக்க, இவை வந்து தங்குவதற்கென்றே கற்களைக் குவித்துக் கூடுகட்ட இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாட்டில் சம்பளமில்லாத வேலையாள், இன்னொரு நாட்டில் கதிர்த் திருடன். ஒரே பறவை.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த பூனைப்பருந்து. நம்ம ஊர் பருந்து வானத்தில் வட்டமடிக்கும். இது அப்படியில்லை. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, சிறகை லேசாக V மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, பயிருக்கு மேலே மெதுவாக மிதந்து போகும். சட்டென்று பூனை மாதிரி விழுந்து எதையோ பிடிக்கும். பெரும்பாலும் வெட்டுக்கிளி. ஆண் சாம்பல் நிறம். பெண் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. முகம் கிட்டத்தட்ட ஆந்தை மாதிரி வட்டம், காதால் கேட்டும் வேட்டையாடும் என்பதற்கான அடையாளம் அது. மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிறிய பூனைப்பருந்தும் மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடு கட்டுபவை. குளிர்காலத்தை இந்தியாவின் திறந்த வெளிகளில் கழிக்கும்.

ராத்திரி எங்கே தூங்கும் தெரியுமா? மரத்தில் இல்லை. தரையில். புல் மண்டிய வெட்டவெளியில், கூட்டமாக வந்து இறங்கி உட்கார்ந்துகொள்ளும். குஜராத்தின் வேலாவதார் தேசியப் பூங்கா இதற்கு உலக அளவில் பேர் போனது. சுற்றிலும் நூறு அடிக்கு என்ன வருகிறது என்று தெரிகிற இடம்தான் அதற்குப் பாதுகாப்பு. மரம் இருந்தால் அதில் ஆந்தையோ வேறு எதிரியோ உட்காரலாம்.

இங்கேதான் சிக்கலே. அந்த மாதிரி இடத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் 'தரிசு'. அரசாங்கக் கணக்கிலும் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் நிறையவே 'பாழ்நிலம்' என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. பாழ் என்று எழுதிவிட்டால் அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். குப்பை, ப்ளாட், சோலார் தகடு. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரியசக்தி நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. 'அங்க ஒண்ணும் இல்லையே, போட்டுக்கலாம்' என்ற அந்தப் பேச்சுதான் இடிக்கிறது. ஒண்ணும் இல்லை என்று முடிவு பண்ணுமுன் ஒரு ஜனவரி சாயங்காலம் யாராவது போய் நின்று எண்ணினார்களா?

மரம் நடும் நண்பர்களும் கொஞ்சம் கோபப்படாமல் கேளுங்க. பள்ளிக்கூடத்தில், ரோட்டோரத்தில், வீட்டு வாசலில் நடுங்க, நல்லது. வெட்டவெளியாக இருக்கிற கரிசல் புல்தரையில் குழி தோண்டி வரிசையாகக் கன்று வைத்தால் பூனைப்பருந்துக்கும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் வீடு போச்சு. சீமைக்கருவேலம் ஏற்கெனவே அந்த வேலையைப் பாதி முடித்துவைத்திருக்கிறது. (அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இங்கே பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன என்பதும் உண்மை. 'வேரோடு பிடுங்கு' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.)

ஆட்டுக்கிடை போட்டிருக்கிற காடு கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்க. ஆடு நடக்க நடக்க பூச்சி கிளம்பும். பின்னாலேயே உண்ணிக்கொக்கும் வாலாட்டியும் கரிச்சானும் டிபன் முடிக்கும். ஆட்டுக்காரர் இருந்தால் "என்ன அண்ணாச்சி, பருந்து ஏதும் தாழப் பறக்குதா?"ன்னு கேட்டுப் பாருங்க. நம்ம ஆப்பைவிட அவருக்கு நிறையத் தெரியும். பெயர் மட்டும் வேற சொல்வார். அதையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

சத்தம்

பட்டாசு ஊருக்கு வந்துட்டு சத்தத்தைப் பத்திப் பேசாமப் போக முடியாது.

நெதர்லாந்தில் வானிலை ராடார் மூலம் புத்தாண்டு இரவைக் கவனித்திருக்கிறார்கள். நள்ளிரவு வாணவேடிக்கை தொடங்கின சில நிமிஷங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தூக்கத்திலிருந்து கலைந்து எழும்பி, சுமார் 500 மீட்டர் உயரம் வரை போய் இருட்டில் சுற்றுகின்றன. முக்கால் மணி நேரமாவது இறங்குவதில்லை. 2023-ல் வந்த இன்னோர் ஆய்வு, வேடிக்கை நடக்கும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் பறவைகள் கலைவதைக் காட்டியது. குளிர்காலத்தில் பறவைக்கு உடம்பில் இருக்கிற கொழுப்புதான் பேங்க் பேலன்ஸ். ராத்திரி ஒரு மணி நேரம் வீணாகப் பறந்தால் அது அந்தக் கணக்கிலிருந்துதான் போகும்.

தமிழ்நாட்டில் இதை ராடார் இல்லாமலே புரிந்துகொண்ட ஊர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவிக்கப்பட்டது. அதன் கம்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் மரத்தில் கூடு கட்டியிருக்கும் நேரம், சத்தத்தில் கலைந்தால் திரும்பி வராது என்பது அவர்கள் கணக்கு. கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும்கூட சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். வனத்துறை அந்த ஊருக்குத் தீபாவளி இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளத்தில் நீந்தும். ஊர் வெடி வெடிக்காது.

இரண்டு ஊர்களுமே பட்டாசுக்கு எதிராகக் கொடி பிடித்தவை அல்ல. சிவகாசிக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நாடு வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்துதருகிற இந்த வட்டாரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம் தூரத்தில் கேட்டால், யாரும் அதைப் பண்டிகை என்று நினைப்பதில்லை. 'எந்த ஆலை?' என்றுதான் போனை எடுக்கிறார்கள். சத்தம் என்றால் என்ன என்று இவர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடக்குறதுக்கு முன்னாடி...

அதனால்தான் முதல் விதி: பட்டாசு ஆலைப் பக்கம் போகாதீங்க. வேலிக்கு அந்தப் பக்கம் மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்துடுங்க. பைனாகுலரும் கேமராவும் தூக்கிக்கொண்டு ஆலை வாசலில் நின்றால் காவலாளி சந்தேகப்படுவார், அது அவர் வேலை. டிரோன் கண்டிப்பாக வேண்டாம். பறவைக்கும் ஆகாது, இந்த இடத்துக்கும் ஆகாது.

பைனாகுலர் வாங்குறதா இருந்தா 8×42-ன்னு போட்டிருக்கிறது போதும். அதிக ஜூம் என்று 20, 30 பார்த்து வாங்கினால் கை நடுக்கத்தில் பறவையே தெரியாது. நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கி மாத்தி மாத்திப் பாருங்க. போனில் மெர்லின் ஆப்பில் இந்தியாவுக்கான பேக்கை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வெச்சுக்கோங்க. காட்டில் சிக்னல் இருந்தாலும் இல்லாட்டியும் வேலை செய்யும். குரலை வைத்து அது சொல்கிற பெயரைக் கண்ணால் பார்க்கிற வரை நம்ப வேண்டாம். பறவையை வரவழைக்க அதன் குரலையே ஸ்பீக்கரில் போடுவது மட்டும் கூடவே கூடாது. வேறொரு பறவை எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது சாப்பாட்டை விட்டுவிட்டு சண்டைக்கு வரும். தமிழில் கையடக்கமாக வேணும்னா ஆசையும் ப.ஜெகநாதனும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' இருக்கு.

பளிச் நிற டி-ஷர்ட் வேண்டாம். ஷூ போடுங்க, மழை பெய்த மறுநாள் கரிசல் மண் காலைப் பிடித்தால் விடாது, செருப்பு அங்கேயே தங்கிவிடும். காட்டுக்காரர் யாராவது எதிரே வந்தால் நாமே முந்திக்கொண்டு என்ன பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு, வரப்பு வழியாக மட்டும் நடங்க. தரையில் ஆட்காட்டி 'டிட்-டிட்-டூ-இட்'னு கத்திக்கொண்டே தலைக்கு மேலே சுற்றினால் வந்த வழியே திரும்புங்க. ஒன்பது மணிக்கு மேல் பறவைகளும் ஒதுங்கிவிடும், வெயிலும் ஏறிவிடும். சாத்தூர்ப் பக்கம் இருந்தால் காரச்சேவு வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

நாள் குறிக்கணும்னா பொங்கல் லீவுதான் சரி. 2015-லிருந்து அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. வேலை சிம்பிள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்றோ நடந்தோ, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றணும். வேடந்தாங்கலுக்குப் போய் எண்ணுவதற்கு ஆள் நிறைய இருக்கு. கோல்வார்பட்டிக்கும் குல்லூர்சந்தைக்கும் நடுவில் பெயர் தெரியாத ஒரு கம்மாய்க் கரையிலிருந்தும், அதற்குக் கீழே இருக்கிற சோளக்காட்டிலிருந்தும் ஒரு பட்டியல் போனால், அந்த இடத்துக்கு அதுவே முதல் கணக்காக இருக்கலாம். அடுத்த முறை யாராவது 'அங்க ஒண்ணும் இல்லையே' என்று சொல்லும்போது எடுத்து நீட்ட ஒரு தேதியும் எண்ணிக்கையும் இருக்கும். பூனைப்பருந்தே வந்தாகணும்னு இல்ல. மூணு மைனா, ரெண்டு காக்கா, ஒரு செம்போத்துன்னாலும் ஏத்திடுங்க.